பக்கத்துப் பையனை மாற்றினால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. சேட்டை கிடையாது, ஆனால் வகுப்பில் கவனிப்பதே இல்லை என்கிறார் ஆசிரியை. பக்கத்தில் உட்காரும் பையன் ஓயாமல் பேசுகிறவன். செக்‌ஷன் மாற்றிக் கேட்கலாமா?

பதில்: முதலில் பெஞ்சை மாற்றச் சொல்லுங்கள், செக்‌ஷன் பிறகு.

"சேட்டை கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. ஓடி ஆடும் பிள்ளை எல்லார் கண்ணிலும் படும். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருப்பவன் தப்பிவிடுவான். வாசிப்பையும் கணக்கையும் பின்னுக்கு இழுப்பதில் துறுதுறுப்பைவிடக் கவனக்குறைவுக்கே பங்கு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. முதலில் எழுத்துக்கு ஒலி, அப்புறம் ஒலிகளைச் சேர்த்துச் சொல் என்று போகிற பாடத்தில் நடுவே ஒரு நாள் நழுவினால் மறுநாள் பாடம் தலைகால் புரியாது, புரியாததை யார்தான் கவனிப்பார்கள்?

பக்கத்துப் பையன் இதை உண்டாக்கவில்லை, கூட்டுகிறான். மற்ற பிள்ளைகள் காதில் வாங்காமல் விடும் பேச்சு உங்கள் மகனை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் கவனம் நழுவுகிற பிள்ளை விளையாட்டிலும் தன் முறையைத் தவறவிடும், சொன்னதை மறக்கும், மெல்ல மெல்ல மற்றவர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்; ஒதுக்கப்பட்ட பிள்ளை வகுப்பில் கை தூக்குவதும் குறைந்துபோகும், மார்க்கும் அதோடு இறங்கும். அதனால் இடைவேளையில் யாரோடு விளையாடுகிறான் என்று கேளுங்கள். அந்த வாயாடிதான் இவனுக்கு ஒரே நண்பன் என்றால் (நடக்கக்கூடியதுதான்) செக்‌ஷன் மாற்றுவது நஷ்டம்.

முன் வரிசை, கதவையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி, சாந்தமான பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைக் காவல்காரனாக்க வேண்டாம், பாவம். வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கண், காது, தூக்கம் மூன்றும் சரியா என்று பாருங்கள். அப்புறம் பிறந்த மாதம்: வகுப்பிலேயே இளையவன் என்றால் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவர்களோடு ஒப்பிடப்படுகிறான். பல நாடுகளில் வகுப்பின் கடைக்குட்டிகள் மீதுதான் ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்தோ தனித்தோ வரும் கோளாறு) முத்திரை அதிகம் விழுந்திருக்கிறது.

கவனக்குறைவு வகை ஏடிஹெச்டி என்று சொல்ல, 9 அறிகுறிகளில் குறைந்தது 6 இருக்க வேண்டும், 6 மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வகுப்பில் மட்டும் என்றால் வகுப்பைத்தான் பார்க்க வேண்டும். வீட்டிலும் செருப்பு மாட்டப் போனவன் பாதியில் மறந்து நிற்கிறான் என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். கார்ட்டூனை ஒரு மணி நேரம் அசையாமல் பார்க்கிறானே என்று தள்ளிப்போடாதீர்கள், பிடித்ததைப் பார்க்க யாருக்கும் கவனம் வரும்.