தக்கலை அக்காவுக்கு: மகள் விஷத்தைத் தொடப் போவதில்லை

அக்கா, பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிற மகள், நரம்பு நச்சு உடம்பில் பட்டதா என்று ரத்தத்தில் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம்) ஆராய்ச்சிக்குப் போகணும் என்கிறாள். "பிள்ளை சாரின் பாட்டிலோடு நிக்கணுமா, பி.எட். சேர்த்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் வீசினார்களே, அந்த சாரின் என்ற நரம்பு நச்சு ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. ஆனால் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற புரதத்தில் ஒட்டி, நாள்கணக்கில் நிற்கும் தடத்தை விட்டுப் போகும். ஆன்டிபாடி தேடுவது இந்தத் தடத்தை. அந்த ஆன்டிபாடியை உண்டாக்க விஷமே வேண்டும் என்றில்லை. தடம் பதிந்த இடத்தைப் போன்ற சின்னப் புரதத் துண்டைச் செயற்கையாகச் செய்து, பெரிய புரதம் ஒன்றோடு இணைத்து எலிக்கு ஊசி போட்டால், அதன் உடம்பே ஆன்டிபாடியை உண்டாக்கும். சின்னத் துண்டு தனியாகப் போனால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அப்புறம் மாதக்கணக்கில் சலிப்பு வேலை. ஆன்டிபாடி தடமுள்ள புரதத்தைப் பிடிக்கணும், தடமில்லாததை விட்டுவிடணும். பல ஆன்டிபாடிகள் இரண்டையும் பிடித்துத் தொலைக்கும். மகளுக்குப் பொறுமை உண்டா என்று பாருங்கள், தைரியத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

ராணுவ சமாச்சாரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் இதே குடும்பம்தான். அதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (மேலே சொன்ன புரத வகை) அளவு பார்ப்பார்கள். அளவு குறைந்தது தெரியும், எந்தப் பூச்சிமருந்து என்று தெரியாது; ஈரல் கெட்டிருந்தாலும் குறையும். அதனால்தான் தடத்தையே தேடும் ஆன்டிபாடி அங்கேயும் வேண்டியிருக்கிறது.

வேலை? நரம்பு நச்சுக்கென்றே உள்ள இடங்கள் குறைவு. குவாலியரில் டி.ஆர்.டி.ஓ.வின் (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் ஒன்று உண்டு, அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். எலைசாவும் (ஆன்டிபாடி வைத்துச் செய்யும் பரிசோதனை) மோனோகுளோனல் ஆன்டிபாடியும் (ஒரே வகையாகத் தயாரிக்கும் ஆன்டிபாடி) கைவந்தால் ரத்தப் பரிசோதனைக் கிட் செய்கிற கம்பெனிகளிலும் இடம் தேடலாம்.

எம்.எஸ்சி.க்கு காட்-பி, ஐ.ஐ.டி. ஜாம் என்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டும் எழுதட்டும். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருஷம் ஆகும். கல்யாணப் பேச்சை அதற்குள் நுழைக்காதீர்கள். ஆறே மாதத்தில் தடயவியல் டிப்ளமோ என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். பி.எட். எங்கும் ஓடிப்போகாது.

இந்த லீவில் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையத்துக்கோ ஸ்ரீசித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ ப்ராஜெக்ட் கேட்டு மெயில் போடச் சொல்லுங்கள். ரயிலில் போய்வரும் தூரம்தானே. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் துறையில் அதை விட்டால் பாதி புரியாது, ட்யூஷன் வைத்தாவது தேற்றிவிடுங்கள்.