நமக்கு ஓட்டுரிமையே இல்லாதபோது, நாம் வாழும் அமெரிக்க மாநிலத்தின் செய்தி, அரசியல், விளையாட்டையெல்லாம் நாம் ஏன் பின்தொடர வேண்டும்?

கேட்டவர் அநேகமாக எச்1பி என்ற வேலை விசாவில் வந்து ஓரிரு வருடம் ஆனவராக இருப்பார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நண்பர்களும் இதையேதான் கேட்பார்கள். "ஓட்டா போடப்போறீங்க?" என்று கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால்தான் இந்த நீளமான பதில்.

நாங்கள் இருப்பது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில். 2021-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் பிறந்ததே தேர்தலோடுதான். இங்கே 50 சதவீதத்தைத் தாண்டினால்தான் வெற்றி. 2020 நவம்பரில் செனட்டில் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) இந்த மாநிலத்துக்கு உள்ள இரண்டு இடங்களுக்கும் யாரும் தாண்டாததால் ஜனவரி 5-ல் மறுபடி ஓட்டுப்பதிவு. செனட் யார் கைக்குப் போகும் என்பதே அந்த இரண்டு இடங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் முழுக்கத் தபால் பெட்டியைத் திறந்தால் கட்டுக் கட்டாகப் பிரச்சார அட்டைகள். நமக்கு ஓட்டு இல்லை என்று வாசலுக்கு வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? கதவுக் கைப்பிடியிலும் ஒன்றைத் தொங்கவிட்டுப் போவார்கள்.

ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக், ஜான் ஆஸாஃப் இருவரும் ஜெயித்தார்கள். ஜனவரி 20-ல் கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது ஊரிலிருந்து அம்மா போன் செய்து, கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடிப்பதை டிவியில் காட்டுகிறார்கள் என்றார். "அதே கமலாதாம்மா இன்னைக்கு எங்க ஸ்டேட் ஆளுங்க ரெண்டு பேருக்கும் சத்தியப் பிரமாணம் செஞ்சு வெச்சாங்க" என்று நான் சொன்னேன். "எங்க ஸ்டேட்" என்று வாயில் தானாக வந்ததில் எனக்குப் பெருமைதான். செனட் 50-50 என்று ஆகி, சமநிலையில் துணை அதிபர் ஓட்டுப் போடலாம் என்பதால் பெரும்பான்மை அவர்கள் கட்சிக்குப் போனது; அதனால்தான் மார்ச்சில் கொரோனா நிவாரணச் சட்டம் நிறைவேறியது. ஆளுக்கு 1,400 டாலர், எச்1பியில் இருந்த பலருக்கும் வந்தது, எங்கள் கணக்குக்கும் வந்தது. ஓட்டு இல்லாதவனுக்கு என்ன பயன் என்று கேட்டால் இதையும் சொல்லலாம். ஆனால் பணத்துக்காக நான் செய்தி படிக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஹாங்க் ஆரன் விஷயம். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் பேஸ்பால் ஜாம்பவான், 755 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். தேர்தல் நடந்த அதே ஜனவரி 5-ல், கறுப்பின மக்களுக்குக் கொரோனா தடுப்பூசியில் நம்பிக்கை வரட்டும் என்று மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். 22-ஆம் தேதி, 86 வயதில் இறந்துபோனார். ஊசிதான் கொன்றது என்று எங்கள் வாட்சாப் குழுவில் உடனே பரவியது. ஊரிலிருந்து மாமாவும் அதையே அனுப்பினார். உள்ளூர்ச் செய்தியைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால், இயற்கை மரணம்தான், ஊசிக்குத் தொடர்பு இருப்பதாக எந்த அறிகுறியும் இல்லை என்று அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியின் மருத்துவ ஆய்வாளர் அலுவலகம் சொன்னதை அங்கேயே எடுத்துப் போட முடிந்தது. மாமா அப்புறம் ஊசி போட்டுக்கொண்டார். என்னால்தான் என்று சொல்லவில்லை, அத்தையும் நச்சரித்திருப்பார்.

பக்கத்து வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற கறுப்பினப் பெரியவர் இருக்கிறார். 1974 ஏப்ரல் 8-ல் ஆரன் தன் 715-வது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை உடைத்தபோது அவர் சின்னப் பையன். வெள்ளைக்காரர் சாதனையைக் கறுப்பர் உடைப்பதா என்று ஆரனுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்ததை வேலியோரம் நின்று சொன்னார். அதுவரை நாங்கள் ஹலோ மட்டும் சொல்லிக்கொள்கிறவர்கள்.

மார்ச் 16-ல் மசாஜ் பார்லர்களில் துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் செத்தார்கள், அதில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். முதல் இடம் ஏக்வொர்த், எங்களிடமிருந்து ரொம்ப தூரமில்லை. "தனியா கடைக்குப் போக வேண்டாங்க" என்று நான் மனைவியிடம் சொல்ல, அவள் என்னிடம் சொல்ல, அப்படியே சில வாரம் போனது. இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று யாராவது வந்து சொல்லட்டும்.

அதே மாதம் 25-ல் ஆளுநர் பிரையன் கெம்ப் புதிய தேர்தல் சட்டத்தில் கையெழுத்திட்டார். தபால் ஓட்டுக்கு அடையாள எண் கட்டாயம். வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு மற்றவர்கள் தண்ணீரோ சாப்பாடோ கொடுக்கக் கூடாது. (அதிகாரிகள் தண்ணீர் வைக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது, சண்டைக்கு வராதீர்கள்.) இதைக் கண்டித்து, இங்கே நடக்க வேண்டிய பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை (எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் சீசன் நடுவே ஆடும் ஆட்டம்) டென்வருக்கு மாற்றிவிட்டார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மூர் அண்ணன் ஒருவர் அந்த வாரத்தை நம்பி இரண்டு ஆள் கூடுதலாகப் பேசி வைத்திருந்தார். சட்டம் போட்டதும் அவரில்லை, ஆட்டத்தை மாற்றியதும் அவரில்லை. அவருக்கும் ஓட்டு இல்லை.

மே மாதம், குழாய் வழியாக பெட்ரோல் கொண்டுவரும் கொலோனியல் பைப்லைன் கம்பெனியைக் கணினி ஹேக்கர்கள் முடக்கினார்கள். அதன் தலைமையகமே எங்கள் ஆல்ஃபரெட்டாதான். பெட்ரோல் இல்லை என்று கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) குழாய்களில் பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டார்கள்.

      

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். ஜூலை 10-ல் பிரேவ்ஸின் நட்சத்திரம் அகுன்யாவுக்கு முழங்கால் போனது. சீசன் முடிந்தது என்றார்கள் எல்லோரும். அணி நிர்வாகம் அந்த மாதமே பீடர்சன், சோலேர், ரொசாரியோ, டுவால் என்று நான்கு அவுட்ஃபீல்டர்களை (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் ஆட்டக்காரர்கள்) மற்ற அணிகளிடமிருந்து வாங்கியது. ஆகஸ்ட் வரை தோல்விகளைவிட வெற்றிகள் கூடாத அணி, 88 வெற்றியோடு முன்னேறியது. ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு முன் 44, பின் 44. ஆரனின் சட்டை எண்ணும் 44. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். பீடர்சன் முத்துமாலை போட்டு ஆடுவதைப் பார்த்து என் மகளும் அவள் அம்மாவின் முத்துமாலையைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். நவம்பர் 2-ல் ஹூஸ்டனில் 7-0 வெற்றி, 1995-க்குப் பிறகு பிரேவ்ஸுக்கு முதல் வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் சாம்பியன்) கோப்பை. பெரியவர் வீட்டில்தான் பார்த்தோம். சோலேர் அடித்த பந்து மைதானத்தை விட்டே வெளியே போனபோது அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அதே மாதம் 24-ல் அவர் வீட்டு டிவியில்தான் தீர்ப்பையும் பார்த்தேன். 2020-ல் இங்கே ஜார்ஜியாவில் தெருவில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் அஹ்மத் ஆர்பரியைத் துரத்திக் கொன்ற வெள்ளையர் மூவரும் குற்றவாளிகள். அந்தக் கொலையின் அதிர்ச்சியில்தான் ஜார்ஜியாவுக்கு வெறுப்புக் குற்றச் சட்டம் வந்தது. பொதுமக்களே ஒருவரைப் பிடித்து வைக்க இடம்கொடுத்த 1863-ஆம் வருடச் சட்டமும் 2021 மே மாதம் நீக்கப்பட்டது. எங்கள் தெருவிலும் சாயங்காலம் ஓடுகிற நம் பையன்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் போனது அவர்களுக்கும்தான் பாதுகாப்பு.

எல்லாவற்றையும் படிக்கச் சொல்லவில்லை, யாருக்கும் நேரமில்லை என்று தெரியும். ஜார்ஜியா என்றால் ஜனவரியில் சட்டமன்றம் கூடும், மொத்தம் 40 அமர்வு நாள்தான், அந்தச் சமயத்தை மட்டுமாவது விடாதீர்கள். வேறு மாநிலம் என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அங்கே இருக்கும் நண்பர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.