அக்காவிடம் கேளுங்கள்: கோலாலம்பூரில் எந்தத் தெரு?

கேள்வி: அக்கா, என் மகளுக்குக் கோலாலம்பூரில், இரட்டைக் கோபுரம் இருக்கிற கே.எல்.சி.சி. பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. வங்சா மாஜு என்ற இடத்தில் ஒரு மலாய்ப் பெண்ணோடும் ஒரு சீனப் பெண்ணோடும் சேர்ந்து தங்க அறை பார்த்து வைத்திருக்கிறாள். அவள் அப்பாவோ, நம்ம ஆளுங்க இருக்கிற பிரிக்பீல்ட்ஸில் தங்கினால்தான் அனுப்புவேன் என்கிறார். 1969இல் அங்கே நடந்த இனக் கலவரத்தைச் சொல்லி யாரோ அவரைப் பயமுறுத்தியும் விட்டார்கள். எந்த இடம் பத்திரம்?
– ஒரு தாய், வேலந்தாவளம்

பதில்: கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பி வருவதற்கு முன் இரண்டு இடத்திலும் நான் குடியிருந்திருக்கிறேன். முதலில் ஒன்பது வருடம் பிரிக்பீல்ட்ஸ், அப்புறம் பன்னிரண்டு வருடம் வங்சா மாஜு. அதனால் தைரியமாகச் சொல்கிறேன், உங்கள் மகள் பார்த்த அறையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் நல்ல இடம்தான். 1881இல் தீயும் வெள்ளமும் வந்து மர வீடுகள் அழிந்தபிறகு, ஊரைச் செங்கல்லில் கட்ட இங்கேதான் சூளை போட்டார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. பிறகு ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் குடியேறினார்கள். அவர்கள் கட்டிய கந்தசாமி கோயிலும், சிங்களர்களின் புத்த விகாரையும், தேவாலயங்களும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான். எங்கள் வீட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அண்ணன், காலையில் கடை திறந்ததும் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடுகிற கூரை போட்ட நடைபாதையில், நிற்கிற மோட்டார் சைக்கிளை உருட்டி ஓரமாக நிறுத்துவார். அப்புறம் காலித் தேங்காய் மூட்டையை இழுத்துப் போடுவார். ஏழு மணிக்குத் தடியைத் தட்டிக்கொண்டு வருகிறவர்கள் இடித்துக்கொள்ளக் கூடாது என்று! அதை மாடியிலிருந்து பார்த்துத்தான் எனக்கு அந்தத் தெரு பிடித்துப்போனது.

ஆனால் என் கைப்பையைப் பறிகொடுத்ததும் அதே தெருவில்தான், இத்தனை தமிழர் நடுவில், பட்டப்பகலில். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் பின்னாலிருந்து வந்தார்கள். வாரைத் தோளில் குறுக்காக மாட்டியிருந்தேன், பையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. பழக்கடைச் சீனக் கிழவிதான் ஓடி வந்து, ‘தங்கச்சி, தங்கச்சி’ என்று கூப்பிட்டபடி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அந்த ஊரில் நம் பெண்களை மற்றவர்களும் அப்படித்தான் அழைப்பார்கள்.

ஆகவே மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: பை சாலைப் பக்கம் தொங்கக் கூடாது, சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். அங்கேயும் வண்டி இடது பக்கம்தான் போகும். நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக நடந்தால் எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். இழுத்தால் பையை விட்டுவிட வேண்டும், போனால் போகட்டும். அவசரத்துக்கு 999.

1969 மே 13 கலவரம் நடந்தது உண்மை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன்பிறகு 1975இல் அரசாங்கமே ருக்குன் தெத்தாங்கா என்று ஓர் அமைப்பைத் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து இரவில் ரோந்து போவது அதன் முக்கியமான வேலையாக இருந்தது. இருபத்தோரு வருடத்தில் இனத்தின் பெயரால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. என்னைப் பயப்பட வைத்ததெல்லாம் இருட்டுப் படிக்கட்டும் ஆள் இல்லாத பாதையும்தான்.

வங்சா மாஜுவுக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு மலாய் அம்மா காலை ஆறு மணிக்கே மேசை போட்டு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பார். யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் நான் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சியோடு ஏழாவது மாடிக்கு ஏறி வந்து கதவைத் தட்டினார், அன்றைக்கு லிஃப்ட் வேறு ஓடவில்லை. உங்கள் மகள் தேட வேண்டியது இந்த மாதிரி ஓர் ஆளைத்தான். அது எந்த இனத்தாராகவும் இருக்கட்டும்.

இரண்டு இடமும் ஒரே ரயில் தடத்தில்தான் இருக்கின்றன. கே.எல்.சி.சி.யிலிருந்து வங்சா மாஜு ஏழாவது நிறுத்தம், பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்குகிற கே.எல். சென்ட்ரல் எதிர்ப்பக்கம் ஐந்தாவது. வண்டி மாற வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு, நிலையத்திலிருந்து வீடுவரை ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வழியில் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறதா, படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, வாசலில் காவலாளி விழித்திருக்கிறாரா என்று பார்க்கட்டும். நாளைக்கே நடக்கப்போகிற வழி அதுதானே.

அவள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். கேரள எல்லையில் இருக்கிற நம் வேலந்தாவளம் என்றால் வெளியூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? செக்போஸ்ட், லாரி, கள்ளுக்கடை. அங்கேதானே தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற அண்டை வீட்டார் நடுவில் இந்தப் பெண்ணை வளர்த்தீர்கள்?

கேள்வி: என் மகன் குடும்பம் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீனர்கள் முகம் பார்த்துப் பேசுவதே இல்லையாம். மருமகள் வருத்தப்படுகிறாள்.
– ஒரு தந்தை, கோவிந்தாபுரம்

பதில்: வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர்கள், கோபம் என்று நினைக்க வேண்டாம். தீபாவளிக்கு ஒரு டப்பாவில் முறுக்கும் அதிரசமும் போட்டு மருமகளையே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே பண்டிகைக்கு வீட்டைத் திறந்து வைத்து எல்லா இனத்தாரையும் கூப்பிடுகிற வழக்கம் உண்டு, திறந்த இல்லம் என்பார்கள். நாங்கள் கொடுத்த டப்பா மூன்று மாதம் திரும்பி வரவே இல்லை. சீனப் புத்தாண்டன்று வந்தது, உள்ளே நான்கு மாண்டரின் ஆரஞ்சு.