படிவத்தில் ‘ஆமாம்’, திரையில் திணறல்

கேள்வி: முப்பரிமாண உடை வடிவமைப்பு மென்பொருள் பாடம் முடிந்ததும் மாணவிகளிடம் ஒரு படிவம் கொடுக்கிறேன். ‘டிஜிட்டல் டிசைனில் நம்பிக்கை இருக்கிறதா?’ என்ற வரிக்கு அத்தனை பேரும் ‘ஆமாம்’ என்று டிக் போடுகிறார்கள். லேபிலோ, உடையின் கையை ஆர்ம்ஹோலில் (கை சேரும் திறப்பில்) பொருத்தத் தெரிவதில்லை. எப்படித்தான் அளப்பது?
– விரிவுரையாளர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கோளாறு உங்கள் கேள்வியில்தான். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் டிக் விழும். உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 2006இல் எழுதிய வழிகாட்டியின்படி, ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகச் சொல்லி, ‘இப்போது உங்களால் முடியுமா’ என்று கேட்கவேண்டும். ‘செய்வீர்களா’ என்று கேட்கக் கூடாது. பதிலை 0 முதல் 100 வரை பத்துப் பத்தாகப் போடச் சொல்லுங்கள்.

எட்டு வரி போதும், எளிதிலிருந்து கடினத்துக்கு. டிஎக்ஸ்எஃப் பேட்டர்னை (கணினியில் வரைந்த வெட்டு வடிவக் கோப்பை) சரியான அலகில் திறப்பது ஒன்று. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று திறந்தால் 25.4 மடங்கு சுருங்கி, பொம்மைக்குக்கூடப் போதாது. முன்பாகத்தையும் பின்பாகத்தையும் தோளில் இணைப்பது, நாட்ச் (இரண்டு துண்டும் பொருந்தவேண்டிய இடத்தின் குறி) பார்த்து உடையின் கையைத் தைப்பது என்று ஏறுங்கள். தையல் கோட்டின் திசை மாறித் துணி முறுக்கிக்கொண்டால் யார் உதவியும் இல்லாமல் சரிசெய்வது கடைசி. அந்த வரிதான் ஆளைக் காட்டும். அதிலும் எல்லாரும் 90 போட்டால் இன்னும் கடினமான வரி வேண்டும் என்று பொருள். படிவத்தில் மென்பொருளின் மெனுப் பெயர்களை மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள்; திரையில் உள்ளபடியே இருக்கட்டும்.

பெயர் கேட்கவேண்டாம். மார்க் உண்டென்று தெரிந்தால் எல்லாருக்கும் 100தான்! கைப்பேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைத் தாளிலும் கோப்பிலும் எழுதச் சொல்லி, அன்றே அந்த வேலைகளை லேபில் செய்யவிடுங்கள். 90 போட்டுத் திணறியவர் எத்தனை பேர், 40 போட்டு முடித்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். சராசரி போட்டால் இந்த இரண்டு கூட்டமும் மறைந்துபோகும்.

கேள்வி: இதேபோன்ற 0–100 நம்பிக்கைப் படிவத்தில் முதல் நாள் 70 போட்டவர்கள் மூன்றாம் வாரம் 45 போடுகிறார்கள். பாடம் சரியில்லையா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 70 மென்பொருளைத் தொடாமலே போட்டது; தொட்ட பிறகுதான் தெரியாதது எவ்வளவு என்று தெரிந்திருக்கிறது. கடைசி வகுப்பில் ‘இன்று எவ்வளவு’, ‘முதல் நாள் உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும்’ என்று இரண்டையும் ஒரே தாளில் கேளுங்கள். ஆசிரியர் மனம் குளிரட்டும் என்று பழைய எண்ணைக் குறைத்துப் போடுபவர்களும் இருப்பார்கள். ஆகவே முதல் நாள் தாளையும் பத்திரமாக வையுங்கள். பாடம் முடியும்வரை எண் ஏறவே இல்லை என்றால், அப்போது பாடத்தைச் சந்தேகிக்கலாம்.