வீட்டு விளக்கா, வாசல் விளக்கா?

கேள்வி: நான் ஒரு மகளிர் குழுவின் செயலாளர். குடும்பமும் பொதுவேலையும் மோதினால் எது முதலில் என்று யூத நூல்கள் ஏதாவது சொல்கின்றனவா?

பதில்: சொல்கின்றன, அதுவும் எண்ணெய்க் கணக்கில். ஹனுக்கா என்ற எட்டு நாள் பண்டிகையில் ஏற்றும் விளக்கு ஊருக்கானது. ஜெருசலேம் ஆலயத்தில் நடந்த அற்புதம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதால் அதை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்கிறது தல்மூத், யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் சேர்ந்த பழைய தொகுப்பு. வெள்ளிக்கிழமை அந்தியில் சப்பாத் என்ற வார ஓய்வுநாளுக்காக ஏற்றும் விளக்கு வீட்டுக்கானது; அதன் வெளிச்சத்தில்தான் குடும்பம் சேர்ந்து சாப்பிடும். கையில் ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது. எதை ஏற்றுவது? வீட்டு விளக்கைத்தான் என்று தீர்ப்பு. காரணம் 'ஷலோம் பயித்', வீட்டின் அமைதி. இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு அற்புதத்தைக் கொண்டாட வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிய சட்டத் தொகுப்பில் ஹனுக்கா பகுதி இந்தத் தீர்ப்போடுதான் முடிகிறது.

தீர்ப்பைச் சொன்னவர் ராவா. 4ஆம் நூற்றாண்டில், பாபிலோனியாவின் மஹோசா ஊரில் பாடம் நடத்தியவர். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

அவரிடம் படித்த ரவ் ரெஹூமி வருடத்துக்கு ஒரே ஒரு நாள் வீட்டுக்குப் போவார், யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நோன்புக்கு முந்தைய நாள். ஒரு வருடம் பாடம் அவரை இழுத்துக்கொண்டது. மனைவி வாசலைப் பார்த்தபடி 'இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார்' என்று காத்திருந்தாள். வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது. அந்நேரம் அவர் ஒரு கூரைமேல் உட்கார்ந்திருந்தார். கூரை இடிந்து, விழுந்து இறந்துபோனார். தல்மூத் இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

அப்புறம் ராவாவின் சொந்த மகன். ஆறு வருடம் படித்துவிட்டு வா என்று வேறோர் ஆசிரியரிடம் அனுப்பியிருந்தார். மூன்று வருடம் கழிந்ததும், அதே நோன்புக்கு முந்தைய நாள், வீட்டாளைப் பார்க்க வேண்டும் என்று பையன் கிளம்பி வந்துவிட்டான். செய்தி கேட்ட ராவா ஆயுதத்தை எடுத்துக்கொண்டு எதிரே போனார். 'பெண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டதா?' என்கிற தினுசில் பேச்சு. சண்டையில் அப்பா, மகன் இருவருமே நோன்புக்கு முன் சாப்பிட வேண்டிய சாப்பாட்டைச் சாப்பிடவில்லை.

வீட்டின் அமைதிக்கு முதலிடம் கொடுத்த அதே மனிதர்! சட்டம் சொல்ல ஒரு நிமிடம் போதும். வீட்டில் நடத்திக் காட்டுவது வேறு. தல்மூதைத் தொகுத்தவர்கள் இதை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும். உங்களுக்கு நேரடிப் பதில் வேண்டுமென்றால் விளக்குத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது ஒரே விளக்குக்கு எண்ணெய் உள்ள நாளுக்கான தீர்ப்பு. இரண்டுக்கும் இருந்தால் இரண்டையும் ஏற்றத்தான் வேண்டும்.

கேள்வி: பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு ஊர் என்று அவர்கள் பிரித்துவிட்டதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அரசகுமாரியின் பெருமையெல்லாம் உள்ளேதான் என்று பொருள்படும் பைபிளின் 45ஆம் சங்கீத வரியைக் காட்டி அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் வெள்ளி இரவு மேஜையைச் சுற்றிப் பாடுவதோ நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம். அதில் கணவர் ஊர்வாசலில் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். நிலத்தைப் பார்த்து வாங்கித் திராட்சைத் தோட்டம் போடுகிறவள் மனைவி. பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்த நியாயாதிபதி தெபோராளும் லபிதோத்தின் மனைவி என்றே அறிமுகமாகிறாள்.

சண்டை வெளிப்படையாக வெடித்தது பாலஸ்தீனத்தில், 1920 ஏப்ரலில் நடந்த யூதப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலையொட்டி. பெண்கள் வாக்களித்தால் கணவனும் மனைவியும் கட்சி பிரிந்து வீட்டின் அமைதி கெடும் என்றார் ரபி (யூத மதகுரு) ஆபிரகாம் ஐசக் குக். அப்படியானால் அப்பா வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வாக்குரிமை கூடாதே என்று மடக்கினார் ரபி பென்-சியோன் உசியேல். வாக்களிக்கலாம், தேர்தலில் நிற்கவும் செய்யலாம் என்பது அவர் முடிவு. ஜெருசலேமில் தீவிர மதப்பற்றாளர்களுக்குத் தனி வாக்குச்சாவடி, ஆண்கள் மட்டும். ஒவ்வொருவர் வாக்கையும் இரண்டாக எண்ணினார்கள். மனைவியின் வாக்கு அவளுக்கு எட்டாமலே பெட்டிக்குள் போய்விட்டது. என் ஓட்டு உசியேலுக்கு.

கேள்வி: நீங்களும் சங்கம், கூட்டம் என்று அலைந்தவர்தானே. வீட்டில் என்ன பெயர்?

பதில்: சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். ஒரு விண்ணப்பத்தில் மகன் எத்தனையாம் வகுப்பு என்று எழுத வேண்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தல்மூதில் ஹாமா பர் பிசா என்று ஒருவர் வருகிறார். பன்னிரண்டு வருடம் வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பியவர், நேரே வீட்டுக்குப் போகவில்லை. உள்ளூர்ப் பாடசாலையில் உட்கார்ந்து, வந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். ஒரு பையன் வந்து எதிரே உட்கார்ந்தான். சட்ட நுணுக்கம் ஒன்றைப் பேசிப் பார்த்தார். பையன் படு கூர்மை. 'இங்கேயே இருந்திருந்தால் எனக்கும் இப்படி ஒரு பிள்ளை இருந்திருப்பான்' என்று அவருக்கு மனம் சோர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போனார். பின்னாலேயே அந்தப் பையனும் உள்ளே வந்தான். இன்னும் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து, மரியாதைக்கு எழுந்து நின்றார். மனைவி கேட்டாள்: "மகனைப் பார்த்து எழுந்து நிற்கிற அப்பாவும் உண்டா?"