‘அக்கா பார்த்துக்கொள்வாள்’ என்பது நியமனப் பத்திரம் ஆகாது

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 17 வயது. இலேசான அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. அடுத்த ஆண்டு சிறப்புக் கல்விப் பள்ளியை முடிக்கிறான். அதன் பிறகு ஐடிஇயா (தொழில்நுட்பக் கல்விக் கழகம்), வேலையா என்று இன்னும் தெரியவில்லை. கையில் 40,000 வெள்ளி இருக்கிறது. அதை மகன் பெயரில் 25 ஆண்டு காப்புறுதித் திட்டத்தில் போடச் சொல்கிறார் தெரிந்த முகவர் ஒருவர். கணவரின் மத்திய சேம நிதியில் (மசேநிதி – சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) சுமார் 220,000 வெள்ளி உள்ளது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார் பெயரை நியமித்ததாகச் சொல்கிறார். அதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள் பெயருக்கு மாற்றிவிட்டால், தம்பியை அவள் பார்த்துக்கொள்வாள் அல்லவா?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அம்மா, முகவர் கொஞ்சம் காத்திருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த 40,000 வெள்ளி அல்ல. ‘வேலைக்குச் சேர்ந்த புதிதில்’ என்ற மூன்று சொற்கள்தான். அப்போது உங்கள் கணவருக்குத் திருமணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். திருமணத்துக்கு முன் செய்த மசேநிதி நியமனம் (தமக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது), தாலி கட்டிய அன்றே செல்லாததாகிவிடுகிறது. ஆக இன்றைய நிலையில் அவருக்கு நியமனமே இல்லை. உயில் எழுதியிருந்தாலும் மசேநிதிப் பணம் அதற்குள் வராது.

நாளை அவருக்கு ஏதேனும் ஆனால் என்ன நடக்கும்? பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும். உயில் இல்லாதோர் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி பாதி உங்களுக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் இருவருக்கும் சமமாக. (முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கீட்டு விதி வேறு.) உங்கள் மகன் பங்கு ஏறத்தாழ 55,000 வெள்ளி. அவனுக்கு 18 ஆகும்வரை அந்த அலுவலகம் காத்து வைத்திருக்கும். அதற்குப் பிறகு, ஐந்து வெள்ளித் தாளுக்கும் ஐம்பது வெள்ளித் தாளுக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறும் ஒருவனின் கணக்குக்கு அத்தனையும் ஒரே தடவையில் வரவேண்டும்.

மகள் பெயருக்கு மாற்றலாமே என்கிறீர்கள். உங்கள் மகள் நல்லவள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணவரின் காலத்துக்குப் பின் கைக்கு வந்த மறுநொடி அந்தப் பணம் சட்டப்படி அவளுடையது. அவளுக்குக் கடன் நொடிப்பு வந்தாலும், மணவாழ்க்கை முறிந்தாலும், தம்பிக்கு முன்பே அவள் போய்விட்டாலும், ‘இது தம்பியின் பணம்’ என்று சொல்ல ஒரு தாளும் இருக்காது. இருபது வயதுப் பெண்ணின் தலையில் இப்படி ஒரு பாரத்தை வாய்மொழியாக ஏற்றுவது அவளுக்கும் நியாயமில்லை என்பது என் கருத்து.

இதற்காகவே சிறப்புத் தேவை சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பெற்றோர் காலமான பின் அவர்களின் மசேநிதி, பிள்ளைக்கு மொத்தமாகப் போகாமல் மாதத் தவணையாகப் போகும். தவணை குறைந்தது 250 வெள்ளி. சிறப்புத் தேவையுடையோர் அறக்கட்டளை நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். அதே நிறுவனத்தில் மகனுக்காக ஓர் அறக்கட்டளையும் (அவன் நலனுக்காக மட்டும் பணத்தைக் காத்துச் செலவிடும் ஏற்பாடு) தொடங்கலாம். ஆரம்ப முதல் 5,000 வெள்ளி போதும். தொடக்கக் கட்டணத்தின் பெரும்பகுதியை சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு ஏற்கிறது. முதலுக்கு அரசாங்க உத்தரவாதமும் உண்டு. உங்கள் காலத்துக்குப் பின் யார் அவனைப் பார்க்கவேண்டும், மாதம் எவ்வளவு, எதற்கு என்றெல்லாம் எழுதி வைப்பீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் அதில் ‘தீபாவளிக்குப் புதுச்சட்டை, நீல நிறம் மட்டும்’ என்று எழுதினார். வேறு நிறத்தை அவர் மகன் தொடவே மாட்டானாம். உங்கள் மகளின் இடம் இங்கேதான்: பணத்தின் உரிமையாளராக அல்ல, தம்பியை அறிந்த அக்காவாக.

அடுத்தது 21ஆம் பிறந்தநாள். அதன்பின் பெற்றோர் என்ற காரணத்துக்காக மட்டும் அவனுக்காக நீங்கள் கையெழுத்திட முடியாது. மனத்திறன் சட்டம், ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே முதலில் கருதுகிறது. எளிய தமிழில் விளக்கினால் அவனுக்குப் புரியும் என்றால், அவனே நீடித்த அதிகாரப் பத்திரம் (பின்னாளில் தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிப்பது) செய்துகொள்ளலாம். புரியாது என்று மருத்துவர் சொன்னால், நீதிமன்றம் உங்களைச் சட்டப் பிரதிநிதியாக நியமிக்கவேண்டும். உங்களுக்கு அடுத்து யார் என்றும் அப்போதே பெயர் கொடுக்கலாம். விண்ணப்பத்துக்கு உதவி கிடைக்குமா என்று பள்ளியிலேயே கேளுங்கள். முகவர் சொல்லும் பாலிசி மகன் பெயரில் முதிரும்போதும் இதே கேள்விதான் வந்து நிற்கும்: ‘பணத்தை வாங்கிக் கையெழுத்திடுவது யார்?’

ஐடிஇ செலவைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். அவனது எடுசேவ் (மாணவர்களுக்கான அரசாங்கக் கல்விச் சேமிப்புக் கணக்கு) மிச்சம் உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறும். அக்காவின் கணக்கில் மிச்சமிருந்தால் அதையும் தம்பிக்குப் பயன்படுத்தலாம். வேலைதான் என்றால், பள்ளியில் படிக்கும்போதே ‘பள்ளியிலிருந்து வேலைக்கு’ திட்டத்துக்கு அவனை மதிப்பிட்டார்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அதில் வேலைப் பயிற்சியாளர் உடன் இருந்து பழக்குவார்.

மாதம் 1,200 வெள்ளிக்கு வேலை கிடைத்தது என்று வையுங்கள். அவன் பங்கு 240, முதலாளி பங்கு 204 மசேநிதிக்குப் போக, கையில் 960. வேலைநலன் துணை வருமானத்துக்கு (குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் கூடுதல் தொகை) மற்றவர்கள் 30 வயதுவரை காத்திருக்கவேண்டும். இவனுக்கு அந்த வயது வரம்பு இல்லை. ஆண்டுக்கு அதிகபட்சம் 4,900 வெள்ளி, அதில் 40 விழுக்காடு ரொக்கம். இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. 2026 ஜனவரி முதல், சிறப்புத் தேவையுள்ள சிங்கப்பூரர்களுக்கு வயது பாராமல் ஓய்வுக்கால ஈட்டுச் சேமிப்புத் திட்டம் திறந்திருக்கிறது. தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவன் மசேநிதியில் நீங்கள் ஆண்டுக்கு 2,000 வெள்ளி போட்டால், அரசாங்கம் அதே அளவு போடும். வாழ்நாள் உச்சம் 20,000. பணம் முதுமைவரை பூட்டிக் கிடக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் முகவர் காட்டும் எந்த அட்டவணையிலும் இப்படி ஒரு வரி இருக்காது.

ஆகவே அந்த 40,000ஐ இப்படிப் பிரிப்பேன்: ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில், 5,000 அறக்கட்டளைக்கு, அவன் வேலையில் சேர்ந்த பின் ஆண்டுக்கு 2,000 அவன் மசேநிதிக்கு. மிச்சத்தை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

பத்து வெள்ளி மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். தேக்காவில் ஒரு தாய் செய்ததைப் பார்த்திருக்கிறேன். மகனைக் கோப்பிக்கடைக்கு அனுப்பிவிட்டுத் தூண் மறைவில் நிற்பார். பையன் ஐந்து வெள்ளித் தாளை நீட்டி ‘தே சி’ வாங்குவான். முதல் சில வாரங்கள் மிச்சத்தை வாங்காமலே திரும்பி வந்தான். நான் பார்த்த அன்று சில்லறையை உள்ளங்கையில் வைத்து, வரிசை நின்றுபோகும்வரை எண்ணினான். பின்னால் நின்ற பெரியவர் முணுமுணுத்தார். அவன் எண்ணி முடித்துத்தான் நகர்ந்தான்.

இன்றிரவே கணவரின் சிங்பாஸைக் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) கொண்டு மசேநிதி இணையத்தளத்தில் நியமன விவரத்தைப் பாருங்கள். முகவர் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.