யார் சஹராவி என்று யார் சொல்வது?

கேள்வி: மேற்கு சஹாராவில் பொது வாக்கெடுப்பு நடத்தத்தானே ஐ.நா. போனது? முப்பது வருஷம் தாண்டியும் ஒரு ஓட்டுகூட விழவில்லையே, ஏன்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: யாருக்கு ஓட்டு, அதாவது யார் சஹராவி (அந்த மண்ணின் ஆள்) என்பதிலேயே சிக்கிக்கொண்டது. மொராக்கோவுக்குத் தெற்கே இருக்கும் அந்த மண்ணை ஆண்டுவந்த ஸ்பெயின் 1975-ல் மூட்டை கட்டிய நேரத்தில், சில பழங்குடிகள் மொராக்கோ சுல்தானுக்கு விசுவாசம் காட்டியது நிஜம்தான், அதற்காக மண் மொராக்கோவுக்குச் சொந்தமாகாது என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் அடுத்த மாதமே சுமார் மூன்றரை லட்சம் பேரைத் திரட்டி ‘பசுமைப் பேரணி’ என்று எல்லைக்கு அனுப்பினார். அப்புறம், தனி நாடு கேட்ட சஹராவிகளின் பொலிசாரியோ இயக்கத்தோடு நீண்ட சண்டை. 1991-ல் போர்நிறுத்தம். சுதந்திரமா, மொராக்கோவோடு சேர்வதா என்று மக்களிடமே கேட்டுவிடலாம் என்றார்கள்.

ஸ்பெயின் 1974-ல் எடுத்த கணக்கில் சுமார் 74,000 பேர். அதை வைத்தே நடத்துங்கள் என்றது பொலிசாரியோ. வடக்கே மொராக்கோவுக்குள் போய்க் குடியேறியவர்களின் குடும்பங்களையும் சேர்க்கணும் என்றது மொராக்கோ. ஆடு, ஒட்டகத்தோடு இடம் மாறிக்கொண்டிருந்த ஜனங்கள், பலரிடம் காகிதம் ஏது? ஐ.நா. அதிகாரி முன்னால் இரண்டு தரப்பு ஷேக்குகளும் (பழங்குடித் தலைவர்கள்) உட்கார, வந்தவர் தன் அப்பன், பாட்டன், எந்தக் கிளை என்று வாயால் சொல்ல, ஒரு ஷேக் ‘எங்க ஆள்தான்’ என்பார், எதிரே இருப்பவர் இல்லை என்பார். வருஷக்கணக்கில் இதே கதை. கடைசியில் சுமார் 86,000 பேர் தேறினார்கள். மேல்முறையீடுகளோ ஒரு லட்சத்து முப்பதாயிரம்! ஐ.நா. கை கழுவியது அங்கேதான்.

பட்டியல் சின்னதாக இருந்தால் ஜெயிக்கலாம் என்ற கணக்கு பொலிசாரியோவுக்கும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இழுத்தடித்ததில் லாபம் மொராக்கோவுக்கு: அவர்கள் எழுப்பிய 2,700 கி.மீ. மணல்சுவர், அதற்கு மேற்கே பூ கிரா சுரங்கத்து பாஸ்பேட், கடற்கரை மீன், எல்லாம் அவர்கள் கையில். சண்டையில் ஓடிப்போன சஹராவி அகதிகள் இன்னும் அல்ஜீரியாவின் திந்தூஃப் முகாம்களில்தான் பிள்ளை பெற்று, பேரன் பார்க்கிறார்கள். 2025 அக்டோபரில் பாதுகாப்பு சபையே மொராக்கோவின் சுயாட்சித் திட்டத்தைப் பேச்சுக்கு அடிப்படை ஆக்கிவிட்டது.

கேள்வி: இதில் இந்தியா யார் பக்கம்?
- வாசகி, கோவை

பதில்: பொலிசாரியோ அறிவித்த சஹராவி குடியரசை 1985-ல் அங்கீகரித்தோம், 2000-ல் அந்த அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். நம் உரத் தொழிற்சாலைகளுக்கு மொராக்கோவிலிருந்து பாஸ்பேட் வருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.